திருமண சமத்துவத்துக்காக ஆள் திரட்ட இணையக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது?

திருமண சமத்துவத்துக்காக, அதாவது தன்பாலினத்தவரும் திருமணம் செய்துகொள்ளும் உரிமைக்காக, பத்துப் பேர் இருக்கிறோம், வாட்ஸ்அப் குழு, ஃபேஸ்புக் பக்கம், இணைய மனு, இதில் எதை முதலில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் முன்னால் ஒரு பெயர்ப் பட்டியலைத் தொடங்குங்கள். பக்கத்தை எத்தனை பேர் பின்தொடர்ந்தாலும் உங்கள் பதிவு யார் கண்ணில் படும் என்பது உங்கள் கையில் இல்லை. பட்டியலில் இருப்பவரை நீங்களே கூப்பிடலாம்.

அதற்கு ஒரு கூகுள் ஃபார்ம் போதும். கூப்பிட விரும்பும் பெயர் (சொந்தப் பெயராக இருக்க வேண்டியதில்லை), தொடர்பு, வாக்களிக்கும் தொகுதி, என்ன வேலைக்கு முன்வருகிறார், இவ்வளவுதான். இன்னொரு கேள்வியையும் கட்டாயம் சேருங்கள்: “உங்கள் ஃபோனை வேறு யாராவது எடுத்தால் நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும்?” வீட்டில் இன்னும் சொல்லாதவர்களுக்கு இந்த ஒரு வரிதான் பாதுகாப்பு. ஒருவர் தன்பாலீர்ப்பாளரா என்று கேட்கவே கூடாது. கையில் இல்லாத தகவல் கசியாது.

கசிவு பெரும்பாலும் எதிராளியால் நடப்பதில்லை, செட்டிங்ஸால் நடக்கிறது. ஃபார்மில் ‘முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டு’ என்ற வசதி இயங்கினால், நிரப்பியவர் மற்றவர்களின் பதில்களையும் பார்க்க முடியும். பதில்கள் சேரும் ஷீட்டை ‘லிங்க் உள்ள எவரும்’ என்று திறந்துவிடுவது அதைவிட மோசம். இரண்டு மூன்று பேருக்கு மட்டும், அவரவர் மின்னஞ்சலைச் சேர்த்து அனுமதி கொடுங்கள்.

சாதாரண வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அழைப்பு லிங்க் வெளியே போனால் யாரும் உள்ளே வந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். அதனால் பொது அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல் வையுங்கள். அதில் பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. உள்வேலைக்கு சிக்னல் என்ற செய்திச் செயலி. பயனர்பெயர் வைத்து, எண்ணை யாரும் பார்க்க வேண்டாம் என்று அமைத்து, செய்திகள் ஒரு வாரத்தில் மறையும்படி செய்யுங்கள். ஃபேஸ்புக் நிகழ்வில் ‘வருகிறேன்’ என்று அழுத்துவதே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடலாம் என்பதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் 2008 நவம்பர் 4 அன்று தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் ‘புரொபோசிஷன் 8’ வாக்கெடுப்பில் வென்றது. பதினொரே நாளில், நவம்பர் 15 அன்று, இணையம் வழியாகவே ஒருங்கிணைத்து அமெரிக்கா முழுக்கப் பல நகரங்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அத்தனை வேகமும் வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் வந்தது. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஓர் எல்ஜிபிடி (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோருக்கான) அமைப்பு, தன்பாலினத் திருமணத்தை எதிர்த்து வாக்களித்த பகுதிகளுக்கே போய்க் கதவைத் தட்டி ஏன் என்று கேட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான், வாதாடாமல் கேள்வி கேட்டு, பொறுமையாகக் கேட்டுப் பேசும் ஆழ்ந்த உரையாடல் முறை. இதைப் பற்றிப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: திருமண சமத்துவத்தை வைத்து வந்த 2014 ஆய்வு அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. 2016-இல் வந்த ஆய்வுதான் நம்பத் தக்கது. மயாமியில் திருநர் குறித்துச் சுமார் பத்து நிமிடம் பேசிய உரையாடலின் தாக்கம் மூன்று மாதம் கழித்தும் இருந்ததாக அது கண்டது.

ஆகவே கருவிகளை இந்த உரையாடலுக்கு வேலை செய்ய வையுங்கள். ஒவ்வொரு தன்னார்வலரும் தனக்குத் தெரிந்த, இன்னும் முடிவெடுக்காத பத்துப் பேரைக் குறித்துக்கொள்ளட்டும். பேசத் தொடங்கியதும் “பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு ஆதரவு?” என்று கேட்க வேண்டும். அவர் நான்கு என்றால், வாதாடாமல் “ஏன் நான்கு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பதில் வருவதற்குள் சட்டம், புள்ளிவிவரம் என்று அடுக்கிவிடுகிறார்கள். அவருக்கு நெருக்கமான யாரைப் பற்றியாவது பேச்சு திரும்பும்வரை பொறுத்திருங்கள். முடிவில் எண்ணை மறுபடி கேட்டு, இரண்டையும் அன்றே ஃபார்மில் பதியுங்கள். இதற்கு ஒன்றரை மணி நேர வீடியோ பயிற்சி போதும், ஆனால் அதில் பாதி நேரமாவது இருவர் இருவராகப் பேசிப் பழக வேண்டும்.

இணைய மனுவில் மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டினால் எந்தப் பிரதிநிதியும் அசைய மாட்டார். அவர் தொகுதியில் கையெழுத்திட்டவர்களைத் தனியே பிரித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். பல மனுத் தளங்களில் கையெழுத்திட்டவர் பெயர் வெளியே தெரியும். அதை மறைக்கும் பெட்டி எங்கே இருக்கிறது என்று லிங்க்குடன் சேர்த்தே எழுதுங்கள்.

ஹேஷ்டேக் ஒரே ஒரு செயலோடு கட்டப்பட்டிருக்கும்போதுதான் பலன் தருகிறது. 2015 மே 22 அன்று அயர்லாந்தில் நடந்த திருமண சமத்துவ வாக்கெடுப்பில், வெளிநாட்டில் இருந்த பெரும்பாலோருக்கு அஞ்சல் வாக்கு இல்லாததால், ‘ஹோம் டு வோட்’ என்ற ஹேஷ்டேக் ஊர் திரும்பி வாக்களிப்பதை மட்டுமே பேசியது. ஆஸ்திரேலியாவில் தன்பாலினத் திருமணம் பற்றி 2017-இல் அஞ்சல் வழி நடந்த கருத்துக் கணக்கெடுப்புக்கு, ஆகஸ்ட் 24-க்குள் வாக்காளர் பட்டியலில் முகவரியைச் சரிசெய்திருக்க வேண்டியிருந்தது. அதைத் தவறவிட்டால் படிவம் பழைய வீட்டுக்குப் போய்விடும். உங்கள் இடத்தில் அப்படிப்பட்ட கடைசி நாள் எது என்று முதலில் கண்டுபிடித்து, அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

பிரசாரம் முடிந்ததும் பட்டியலை அழிக்கும் தேதியையும் இப்போதே குறித்துவிடுங்கள். ஃபார்மை அழித்தால் ஷீட் அழியாது, இரண்டையும் தனித்தனியே அழித்துக் குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.