உயிரில்லாத சவ்விடம் என்ன கேட்கலாம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செல் சவ்வைப் பற்றிய உங்கள் கட்டுரையில், லிப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழிகளைக் கொண்டு மருந்துகளைச் சோதிப்பதைச் சில வரிகளில் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் களியக்காவிளையைச் சேர்ந்தவள். எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் புராஜெக்ட் அந்தக் குமிழிகளைப் பற்றியதுதான். முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தின் என்ற கொழுப்பில் குமிழி செய்து, உள்ளே ஒளிரும் சாயத்தை அடைத்து, மஞ்சளிலுள்ள குர்குமினைச் சேர்த்தால் சாயம் கசிகிறதா என்று அளக்கிறேன். கசிகிறது.

என் அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். நான் செய்வதை அவருக்கு விளக்கியபோது, "உசுரு இல்லாத தோலு உசுரப் பத்தி என்னத்த சொல்லும் மக்களே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மையான சவ்வில் எத்தனையோ புரதங்களும் நூற்றுக்கணக்கான வகை லிப்பிடுகளும் (கொழுப்பு மூலக்கூறுகளும்) இருக்கின்றன. என் குமிழியில் இருப்பது வாங்கிய லெசித்தின் மட்டுமே. இதை வைத்து "குர்குமின் புற்றுநோய்ச் செல்லின் சவ்வை உடைக்கிறது" என்று முடிவுரையில் எழுதலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். எழுதலாமா? இந்த மாதிரிச் சவ்வுகளின் சொல்லை எதுவரை நம்பலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி, களியக்காவிளை

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பா கேட்டது மிக நல்ல கேள்வி. நீங்கள் கேட்பதும் அதற்குள்ளேயே இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர் விடியற்காலையில் சிரட்டையிலிருந்து சேர்த்தெடுக்கும் பாலில், நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு துகளையும் பாஸ்போலிப்பிட் என்ற வகை லிப்பிடும் புரதமும் சேர்ந்த மெல்லிய போர்வை சுற்றியிருக்கிறது. அந்தப் போர்வைக்கு எதிர்மின்சுமை உண்டு. ஒரே வகைச் சுமையுள்ள துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால்தான் பால் பாலாகவே இருக்கிறது. பார்மிக் ஆசிட் ஊற்றியதும் சுமை தணிந்து, தள்ளும் விசை போய், துகள்கள் கூடி உறைகின்றன. பிறகு ஷீட் அடிக்கிறார்கள். துகளுக்கு உயிர் கிடையாது. ஆனாலும் எது நெருங்கினால் விலக வேண்டும், எது நெருங்கினால் ஒட்ட வேண்டும் என்பது அந்தப் போர்வையில் எழுதப்பட்டிருக்கிறது. செல் சவ்வின் வேலைகளிலும் ஒரு பகுதி இப்படிப்பட்டதுதான்: மின்சுமை, எண்ணெயும் நீரும் சேராமை, மூலக்கூறின் வடிவம் ஆகியவற்றால் மட்டுமே நடப்பது. மாதிரிச் சவ்வு அந்தப் பகுதியைத் தனியே பிரித்தெடுத்து நம் முன் வைக்கிறது.

சவ்வு இரண்டடுக்கு என்பதே, உயிரை அகற்றிவிட்டுப் பார்த்தபோது தெரிந்த செய்தி. 1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிடுகளைக் கரைத்தெடுத்து, நீர்ப்பரப்பின்மேல் ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் பரப்பி அளந்தார்கள். அந்தப் பரப்பு, அணுக்களின் மொத்தப் புறப்பரப்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஆகவே அணுவைச் சுற்றி லிப்பிட் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவர்கள் பயன்படுத்திய அசிட்டோன் லிப்பிட் முழுவதையும் கரைத்தெடுக்கவில்லை என்பதும், அணுவின் புறப்பரப்பையும் அவர்கள் குறைவாகவே கணக்கிட்டிருந்தார்கள் என்பதும் பின்னாளில் தெரியவந்தன. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான விடையைத் தந்திருந்தன. உங்கள் சோதனையின் எண்கள் எதிர்பார்த்தபடியே வரும்போது இந்தச் சம்பவத்தை நினைவில் வையுங்கள். எதிர்பார்த்த விடை வந்துவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள பிழையைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை.

நீங்கள் செய்யும் குமிழிக்கும் அதே முட்டைக் கருதான் பூர்வீகம். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில் அலெக் பாங்காம் என்ற இரத்தவியலாளர், முட்டை லெசித்தினை நீரில் ஊறவைத்தால் அது தானாகவே அடுக்கடுக்கான மூடிய குமிழிகளாகிறது என்பதையும், அயனிகளை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதையும் காட்டினார். தோராயமாக 4 முதல் 5 நானோமீட்டர் தடிமனுள்ள ஓர் ஏடு, எந்தப் புரதத்தின் துணையுமின்றி, உள்ளையும் வெளியையும் பிரித்துவிடுகிறது. 1965இல் பாங்காமும் உடன் உழைத்தவர்களும் அந்தக் குமிழிகளின்மேல் மயக்க மருந்துகளைச் சேர்த்து, அயனிகள் கூடுதலாகக் கசிவதை அளந்தார்கள். நீங்கள் இன்று குர்குமினை வைத்துக் கேட்கும் கேள்வியின் தாய் அந்தச் சோதனை என்று சொல்லலாம்.

அந்த மயக்க மருந்தின் கதையை நீங்கள் முழுவதும் அறிய வேண்டும், ஏனெனில் உங்கள் முடிவுரைக்கான எச்சரிக்கை அதில்தான் இருக்கிறது. ஒரு பொருள் எண்ணெயில் எவ்வளவு எளிதாகக் கரைகிறதோ அவ்வளவு வலிமையான மயக்க மருந்தாக இருக்கிறது என்பதை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேயரும் ஓவர்ட்டனும் தனித்தனியே கண்டறிந்திருந்தார்கள். லிப்பிட் குமிழியும் அதே மருந்துகளால் கசிந்தது. அப்படியானால் மயக்கம் சவ்வின் லிப்பிடில்தான் நிகழ்கிறது என்று பலரும் பல ஆண்டுகள் நம்பினார்கள். 1984இல் லண்டனைச் சேர்ந்த ஃபிராங்க்ஸும் லீபும் மின்மினிப் பூச்சியின் லூசிபெரேஸ் என்ற நொதியை எடுத்துக்கொண்டார்கள். அதில் லிப்பிடே கிடையாது. அந்த நொதியும் மயக்க மருந்துகளால், அவற்றின் வலிமை வரிசைப்படியே, தடைப்பட்டது. மருந்து போய்ச் சேரும் எண்ணெய்ப்பசையுள்ள குழி புரதத்துக்குள்ளேயும் இருக்கலாம் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. மேலும், உண்மையில் மயக்கம் தரும் அளவில் மருந்தைச் சேர்த்தால் லிப்பிட் அடுக்கில் உண்டாகும் மாற்றம் மிகச் சிறியது. வெப்பநிலையை ஒரு பாகைக்கும் குறைவாக உயர்த்தினால் உண்டாகும் மாற்றத்துக்குச் சமமானது. குமிழி பொய் சொல்லவில்லை. இந்தப் பொருள் என்னைக் கசியவைக்கிறது என்று மட்டுமே அது சொன்னது. மயக்கம் வருவதற்குக் காரணம் அதுவே என்பது மனிதர்கள் தாமாகச் சேர்த்துக்கொண்டது.

லிப்பிடா புரதமா என்று பிரித்தறிய எனக்கு மிகவும் பிடித்த சோதனை, மூலக்கூறின் கண்ணாடிப் பிம்பத்தைச் செய்து பார்ப்பது. இடக்கால் செருப்பு வலக்காலுக்குப் பொருந்தாதது போல, புரதத்தின் குழி ஒரு மூலக்கூறுக்குப் பொருந்தினால் அதன் பிம்பத்துக்குப் பொதுவாக அப்படியே பொருந்தாது. 1987இல் மைக்கேல் சாஸ்லாஃப் ஓர் ஆப்பிரிக்கத் தவளையின் தோலிலிருந்து மெகெய்னின் என்ற, பாக்டீரியாவைக் கொல்லும் சிறு பெப்டைடை (புரதத்தைப் போன்ற குட்டைச் சங்கிலியை) பிரித்தெடுத்தார். அதில் 23 அமினோ அமிலங்கள் உள்ளன. 1990இல் மெரிஃபீல்டும் மற்றவர்களும் அதன் கண்ணாடிப் பிம்பத்தை முழுவதும் டி-வகை அமினோ அமிலங்களால் செய்து பார்த்தபோது, பிம்பமும் அதே அளவுக்குக் கொன்றது. தேனீ நஞ்சிலுள்ள மெலிட்டினுக்கும் அப்படியே. அவை குறிவைப்பது லிப்பிட் அடுக்கையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே ஐசோஃபுளூரேன் என்ற மயக்க மருந்தின் இரு பிம்பங்களும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்று ஃபிராங்க்ஸும் லீபும் காட்டினார்கள். அது புரதத்தின் பக்கம் சாயும் சான்று.

மெகெய்னின் ஏன் பாக்டீரியாவைக் கொன்று நம் செல்லை விட்டுவைக்கிறது என்பதற்கு ரப்பர் பாலில் பார்த்த மின்சுமைதான் விடை. நம் செல்லின் வெளியடுக்கில் பெரும்பாலும் சுமையற்ற லிப்பிடுகள் இருக்கின்றன. எதிர்மின்சுமையுள்ள பாஸ்பாட்டிடைல்செரின் உள்ளடுக்கில் ஒதுங்கியிருக்கிறது. பாக்டீரியாவின் சவ்வில் எதிர்மின்சுமையுள்ள லிப்பிடுகள் நிறைய உண்டு. நேர்மின்சுமையுள்ள பெப்டைட் அங்கே போய் ஒட்டுகிறது. இதை அறிய உயிருள்ள பாக்டீரியா தேவையில்லை. சுமையற்ற லிப்பிடால் ஒரு குமிழியும், எதிர்மின்சுமையுள்ள பாஸ்பாட்டிடைல்கிளிசரால் என்ற லிப்பிடைக் கலந்து இன்னொரு குமிழியும் செய்து ஒப்பிட்டாலே போதும். ஒரே ஒரு பொருளை மாற்றி, மற்ற எதையும் மாற்றாமல் கேள்வி கேட்பது உயிருள்ள செல்லில் ஏறத்தாழ இயலாத காரியம். குமிழியின் வறுமையே இங்கே அதன் பலம்.

அதே சமயம் எல்லாத் தவளைப் பெப்டைடும் இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. நீங்கள் படிக்கும் நகரத்திலுள்ள ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட உருமின் என்ற பெப்டைட், உருமி வாளின் பெயர் கொண்டது. தென்னிந்தியத் தவளை ஒன்றின் தோலிலிருந்து கிடைத்தது. அது இன்ஃபுளுயென்சா வைரஸின் எச்1 புரதத்தின் காம்புப் பகுதியைப் பற்றுகிறது. லிப்பிட் மட்டுமே உள்ள குமிழியால் அந்தப் பிணைப்பைக் காட்ட முடியாது.

இனி உங்கள் குர்குமினுக்கு வருகிறேன். நம் வீட்டு மஞ்சளின்மேல் எனக்கும் உங்களைப் போலவே பற்று உண்டு, அதனாலேயே கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன். குர்குமின் நீல ஒளியை உறிஞ்சித் தானும் பச்சை மஞ்சளாக ஒளிரும். நீங்கள் அடைத்திருப்பது கார்பாக்சிஃபுளூரெசின் என்றால், அது ஒளிரும் பகுதியும் குர்குமின் ஒளிரும் பகுதியும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே சாயமில்லாத குமிழிகளில் குர்குமினை மட்டும் சேர்த்து அளந்து, அந்த ஒளியைக் கழித்தாக வேண்டும். அடுத்தது, கரைப்பான். நான் மாணவனாக இருந்தபோது எத்தனால் அளவைக் கவனிக்காமல் இரண்டு மாதம் உழைத்து, கசிவுக்குக் காரணம் எத்தனால்தான் என்று கடைசியில் கண்டேன். இன்றும் அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்திருக்கிறேன். குர்குமின் கரைந்திருக்கும் எத்தனாலையோ டிஎம்எஸ்ஓவையோ அதே அளவில் தனியே சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது, 37 பாகையில், நடுநிலைக்கு அருகிலுள்ள பஃபரில், சீரம் இல்லாதபோது குர்குமினின் பெரும்பகுதி அரை மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும் என்று 1997இலேயே காட்டியிருக்கிறார்கள். உங்கள் அளவீடு ஒரு மணி நேரம் நீண்டால், கடைசி அரை மணியில் நீங்கள் அளப்பது எதை என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, கசிவு உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதன் பொருள் உங்கள் தோழிகள் நினைப்பதற்கு ஏறக்குறைய எதிரானது. கிராமிசிடின் என்ற பெப்டைட் சவ்வின் ஒவ்வோர் அடுக்கிலும் பாதியாக இருந்து, இரு பாதிகளும் நேருக்கு நேர் சேரும்போது மட்டும் அயனி செல்லும் வழியாகிறது. அந்த வழி அடுக்கின் தடிமனைவிடக் குட்டையானது என்பதால் அடுக்கு சற்றுக் குழிந்து கொடுக்க வேண்டும். அடுக்கு எவ்வளவு இளகியிருக்கிறதோ அவ்வளவு நேரம் வழி திறந்திருக்கும். இப்படி அடுக்கின் இளக்கத்தை அளந்து, குர்குமின், மிளகாயின் காப்சைசின் உள்ளிட்ட ஐந்து தாவர மூலக்கூறுகள் சவ்வை இளக்குகின்றன என்றும், அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சவ்வுப் புரதங்கள் பலவற்றின் நடத்தை மாறுகிறது என்றும் 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு மூலக்கூறு பத்து நோய்களுக்கும் பத்துப் புரதங்களுக்கும் வேலை செய்வதாக ஆய்வகத்தில் தோன்றினால், அது தரையையே அசைத்துக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் குமிழி கசிந்தது என்றால், அந்த ஐயத்தை எழுப்ப உங்களுக்கு உரிமை கிடைத்திருக்கிறது. புற்றுநோயைப் பற்றிப் பேசும் உரிமை அதனால் கிடைக்கவில்லை.

எனவே முடிவுரையில், முட்டை லெசித்தின் குமிழிகளில், லிப்பிடுக்குக் குர்குமின் இத்தனை விகிதத்தில் இருக்கையில், இத்தனை நிமிடத்தில் சாயத்தில் இத்தனை விழுக்காடு கசிந்தது என்றும், புரதம் எதுவும் இல்லாமலே இது நிகழ்கிறது என்றும் எழுதுங்கள். செறிவை மட்டும் கொடுத்து விகிதத்தைக் கொடுக்காமல் விடாதீர்கள். எத்தனை லிப்பிடுக்கு ஒரு குர்குமின் என்பது தெரியாவிட்டால் உங்கள் எண்ணை வேறொருவர் தம் எண்ணோடு ஒப்பிட முடியாது. நூறு விழுக்காடு என்பதை சோப்புப் போன்ற டிரைட்டனைச் சேர்த்து எல்லாக் குமிழிகளையும் உடைத்து நிர்ணயித்திருப்பீர்கள், அதையும் குறிப்பிடுங்கள். புற்றுநோய்ச் செல் என்ற சொல் வேண்டாம். சில புற்றுநோய்ச் செல்கள் பாஸ்பாட்டிடைல்செரினை வெளியடுக்கில் காட்டுகின்றன என்பது அறிந்த செய்தி. அதைத் தொட்டுப் பேச விரும்பினால், அந்த லிப்பிடைச் சிறிதளவு கலந்த குமிழி ஒன்றைச் செய்து, கலக்காததோடு ஒப்பிட்டுவிட்டு, அந்த வேறுபாட்டை மட்டும் எழுதுங்கள்.

புராஜெக்ட் முடிய உங்களுக்கு நேரமிருந்தால் இன்னொன்றையும் செய்யச் சொல்வேன். முட்டை லெசித்தினோடு கொலஸ்டிராலைக் கலந்து ஒரு வரிசைக் குமிழிகள் செய்யுங்கள். நம் செல்களின் வெளிச்சவ்வில் கொலஸ்டிரால் நிறைய இருக்கிறது. அது அடுக்கை நெருக்கிக் கட்டுகிறது. உங்கள் கசிவு அதில் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தாலும் குறையாவிட்டாலும் எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், சாயமில்லாத குமிழிகளில் வந்த எண்களையும் சேர்த்து. அப்பாவிடம் பால் உறைவதைப் பற்றிப் பேசினீர்கள் என்றால், அவர் சொன்னதையும் எழுதுங்கள்.

அன்புடன்.