இணையச் சமநிலை போனால் பில் ஏறுமா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுடையவை. எல்லாம் இணையச் சமநிலை விதிகளைப் பற்றித்தான். இணைப்பு தரும் நிறுவனம் எந்தத் தளத்தையும் தடுக்கக் கூடாது, வேண்டுமென்றே மெதுவாக்கக் கூடாது, காசு கொடுத்த தளத்துக்கு மட்டும் வேகமான தனி வழி விடக் கூடாது என்பவை அந்த விதிகள். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

2017-ல் இந்த விதிகளை ரத்து செய்தார்கள். பிறகு திரும்பக் கொண்டுவந்ததாகப் படித்தேன். இப்போது மறுபடியும் இல்லை என்கிறார்கள். உண்மையில் சட்டம் இருக்கிறதா, இல்லையா? (வாசகர், அட்லாண்டா)

மத்திய அரசு அளவில் இல்லை. அங்கே தொலைத்தொடர்பைக் கவனிக்கும் எஃப்.சி.சி. ஆணையத்தில் ஐந்து உறுப்பினர் இடங்கள். டாம் வீலர் தலைவராக இருந்தபோது, 2015 பிப்ரவரி 26-ல், மூன்றுக்கு இரண்டு என்ற ஓட்டில் விதிகள் வந்தன. 2017 டிசம்பர் 14-ல் அஜித் பை தலைமையில் அதே மூன்றுக்கு இரண்டில் ரத்தாயின. 2024 ஏப்ரல் 25-ல் ஜெசிகா ரோசன்வொர்செல் தலைமையில் மறுபடி மூன்றுக்கு இரண்டில் திரும்பின. வெள்ளை மாளிகை எந்தக் கட்சியிடமோ அந்தக் கட்சிக்கு மூன்று ஓட்டு, அவ்வளவுதான் கணக்கு. 2024 விதிகள் நடைமுறைக்கு வருவதற்குள் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2025 ஜனவரி 2-ல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை ஒரேயடியாக நீக்கிவிட்டது.

சண்டையின் மையம் ஒரு வகைப்பாடு. பிராட்பேண்டை டெலிபோன் போன்ற 'தொலைத்தொடர்புச் சேவை' என்று வைத்தால், எல்லோரையும் ஒரேபோல நடத்து என்று நிறுவனத்துக்கு ஆணையம் கட்டளை இடலாம். 'தகவல் சேவை' என்று வைத்தால் முடியாது. சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் ஆணையம் சொல்வதை நீதிமன்றங்கள் முன்பெல்லாம் ஏற்றுக்கொள்ளும். அந்த வழக்கத்தை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றமே முடித்துவைத்தது. அதனால் அடுத்து யார் ஆட்சிக்கு வந்தாலும் ஆணையத்தில் ஓட்டுப் போட்டு இதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் சட்டம் இயற்ற வேண்டும். இப்போதைக்கு அது நடக்கும் என்று நான் நம்பவில்லை.

மாநிலங்கள் விஷயம் வேறு. வாஷிங்டன், ஆரிகன், கலிஃபோர்னியா போன்றவை சொந்தமாகச் சட்டம் வைத்திருக்கின்றன. உங்கள் ஜார்ஜியாவில் அப்படி ஒன்று இல்லை. நிறுவனம் எழுத்தில் கொடுக்கும் வாக்குறுதிதான் உங்களுக்குப் பிடி. அதையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'அன்லிமிடெட்' என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைத்ததற்காகத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.&டி. மீது வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2014-ல் வழக்குப் போட்டது. 2019-ல் 6 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. சொன்னதை மீறினால் பிடிக்க ஆள் இருக்கிறது. முதலிலேயே 'சில சமயம் மெதுவாக்குவோம்' என்று சின்ன எழுத்தில் எழுதி வைத்துவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

யூடியூபுக்கு இவ்வளவு, வாட்ஸ்அப்புக்கு இவ்வளவு என்று கேபிள் டிவி சேனல் மாதிரி பிரித்து விற்கும் பட்டியல் ஒன்று குடும்ப குரூப்பில் சுற்றுகிறது. 'இனி இப்படித்தான்' என்கிறார் மைத்துனர். நிஜமா? (வாசகி, சார்லட்)

அந்தப் படம் போர்ச்சுகலின் மெயோ என்ற டெலிகாம் நிறுவனத்துடையது. 2017 அக்டோபரில் கலிஃபோர்னியா காங்கிரஸ் உறுப்பினர் ரோ கன்னா அதை ட்விட்டரில் போட்டார், அன்றிலிருந்து நிற்காமல் ஓடுகிறது. படத்தை உற்றுப் பாருங்கள்: அரட்டைக்கு ஒரு கட்டம், சமூக வலைக்கு ஒரு கட்டம், வீடியோவுக்கு ஒரு கட்டம், ஒவ்வொன்றும் மாதம் 4.99 யூரோ. ஆனால் இவை வழக்கமான டேட்டா பிளானுக்கு மேல் வாங்கும் கூடுதல் டேட்டா. காசு கட்டாவிட்டால் ஃபேஸ்புக் திறக்காது என்பதில்லை. இன்னொன்று, போர்ச்சுகலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையச் சமநிலை விதி அப்போதே இருந்தது. மைத்துனரிடம் சொல்லுங்கள்.

2017 ரத்துக்குப் பிறகு அமெரிக்காவில் அப்படித் தளம் தளமாக வெட்டி விற்கும் வீட்டு இணைப்பு வரவில்லை. அந்தப் பயம் மிகையாகிப் போனது. 'விதிகள் போனால் முதலீடு பொங்கும், விலை இறங்கும்' என்று எதிர்த்தரப்பு சொன்னதும் அதே அளவுக்கு மிகைதான். கேபிள் போடுவதும் கோபுரம் நடுவதும் பக்கத்துப் போட்டியாளரைப் பார்த்து நடக்கிற வேலை என்பது என் எண்ணம்.

ஆனால் ஒன்றுமே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். பழைய வழக்குகளைப் பாருங்கள். 2005-ல் மேடிசன் ரிவர் என்ற சின்ன டெலிபோன் நிறுவனம் வோனேஜ் நிறுவனத்தின் இணைய வழி டெலிபோன் சேவையைத் தடுத்து 15,000 டாலர் கட்டியது. 2007-ல் காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம், கோப்புகளைப் பகிரும் பிட்டோரன்ட் போக்குவரத்தை ரகசியமாக அறுத்தது வெளியே வந்தது. 2012-ல் ஏ.டி.&டி., மொபைல் டேட்டாவில் ஃபேஸ்டைம் வீடியோ அழைப்பு வேண்டுமானால் குறிப்பிட்ட பிளானுக்கு மாறு என்றது. தன் டெலிபோன் நிமிடத்துக்கும் தன் டிவி சேனலுக்கும் போட்டியாக வருவது எதுவோ, பெரும்பாலும் அதன் மேல்தான் கை விழுகிறது. விலைப் பட்டியலில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

ராத்திரி எட்டு மணி ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. மற்றதெல்லாம் ஓரளவு ஓடுகிறது. கம்பெனிக்காரன் வேண்டுமென்றே செய்கிறானா? எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், எடிசன், நியூஜெர்சி)

முதலில் வைஃபையைச் சந்தேகியுங்கள். லேப்டாப்பை ஒரு ஒயரில் நேரே மோடத்தோடு இணைத்து, அந்த எட்டு மணிக்கே சோதியுங்கள். காலையில் சோதித்துப் புண்ணியமில்லை. கேபிள் இணைப்பில் உங்கள் தெருவே ஒரு கொள்ளளவைப் பகிர்கிறது, மாலையில் எல்லார் வீட்டிலும் டிவி ஓடும்.

அப்புறம் இரண்டு விதமான வேகச் சோதனை செய்யுங்கள். ஒன்று வழக்கமான பொதுச் சோதனை. இன்னொன்று ஃபாஸ்ட் டாட் காம். இது நெட்ஃபிளிக்ஸ் நடத்துவது, அதன் சொந்த சர்வரிலிருந்தே டேட்டாவை இழுத்துப் பார்க்கும். பொதுச் சோதனையில் 300 மெகாபிட், ஃபாஸ்டில் 8 என்று வந்தால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. மூன்றாவதாக, எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்பதை நிறுவனத்திடமிருந்து மறைத்து வேறு வழியாக அனுப்பும் வி.பி.என். ஒன்றைப் போட்டு அதே படத்தை ஓட்டுங்கள். வி.பி.என். போட்டால் பொதுவாக வேகம் குறைய வேண்டும். உங்களுக்குக் கூடினால், அந்த வீடியோ வரும் வழியில் ஏதோ இருக்கிறது. மூன்று முடிவையும் தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அதற்காக 'வேண்டுமென்றே' என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. 2013 கடைசியிலும் 2014 தொடக்கத்திலும் காம்காஸ்ட் வாடிக்கையாளர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் படுமோசமாக வந்தது. நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட சராசரி வேகம் ஜனவரியில் சுமார் 1.5 மெகாபிட்டுக்கு இறங்கியது. பிப்ரவரியில் காம்காஸ்டுக்குப் பணம் கொடுத்து நேரடி இணைப்பு வாங்கினார்கள், மார்ச்சில் சுமார் 2.5 ஆனது. ஊருக்குள் எட்டு வழிச் சாலை போட்டுவிட்டு, ஊர் எல்லைப் பாலத்தை மட்டும் ஒற்றை வழியாகவே விட்டுவைத்தால் எப்படியோ அப்படி. இரண்டு நெட்வொர்க் சந்திக்கும் இடத்தை அகலப்படுத்தாமல் விட்டாலே போதும், எதையும் தடுக்கத் தேவையில்லை. அதற்கு யார் காசு கொடுப்பது என்று இரண்டு பக்கமும் சண்டை போட்டார்கள், மாதாமாதம் இருவருக்கும் காசு கட்டியவர் நடுவில் மாட்டிக்கொண்டார். 2015 விதிகள்கூட இந்தச் சந்திப்பு இடத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை, புகார் வந்தால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்றுதான் வைத்தன.

உங்கள் நிறுவனத்திடம் பேசியும் நடக்காவிட்டால் எஃப்.சி.சி. தளத்தில் சாதாரணப் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது. ஆணையம் அதை நிறுவனத்துக்கு அனுப்பும், 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சமநிலை விதி இல்லாவிட்டாலும் இந்தப் புகார்ப் பெட்டி இருக்கிறது. கஸ்டமர் கேரில் மணிக்கணக்கில் பாட்டுக் கேட்பதைவிட இது மேல்: இப்படிப் போகும் புகாரை நிறுவனங்களில் பெரும்பாலும் மேல்மட்டக் குழு ஒன்றுதான் கையில் எடுக்கும்.

மொபைலில் படம் மங்கலாக வந்தால் அது வேறு கதை. 'அன்லிமிடெட்' பிளான்களில் கீழ்ப்படியில் இருப்பவற்றில் வீடியோவை 480 என்ற தரத்துக்கு மேல் விடமாட்டோம் என்று பிளான் விவரத்திலேயே போட்டிருப்பார்கள். படித்துப் பாருங்கள்.

கலிஃபோர்னியா சட்டத்தால் எனக்கு நஷ்டம்தான் சார். என் போன் கம்பெனி அவர்களுடைய வீடியோ ஆப்புக்கு டேட்டா கணக்கிடாமல் இருந்தது. சட்டம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். இதுவா நுகர்வோர் நலன்? (வாசகர், சான் ஹோசே)

நியாயமான கோபம். எஸ்.பி. 822 என்ற அந்தச் சட்டத்தில் ஆளுநர் ஜெரி பிரவுன் 2018 செப்டம்பர் 30-ல் கையெழுத்திட்டார். வழக்குகளால் முடங்கிக் கிடந்து, 2021-ல்தான் அமலுக்கு வந்தது. காசு வாங்கிக்கொண்டு சில ஆப்களுக்கு மட்டும் டேட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதை அது தடுக்கிறது. உடனே ஏ.டி.&டி. தன் 'ஸ்பான்சர்டு டேட்டா' திட்டத்தை கலிஃபோர்னியாவில் மட்டுமில்லாமல் நாடு முழுக்க நிறுத்தியது. இணையம் மாநில எல்லை பார்க்காது, ஊருக்கு ஒரு விதமாக நடத்துவது சிரமம் என்றார்கள். 2017-ல் பயந்தது ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு இதில் பாதி பதில் இருக்கிறது: நாலு கோடிப் பேர் இருக்கும் மாநிலம் ஒன்று தடை போட்டால் மற்ற மாநிலத்துக்காரருக்கும் ஓசியில் பாதுகாப்பு.

இனி உங்கள் நஷ்டம். கம்பெனியின் சொந்த ஆப்புக்கு டேட்டா இலவசம், போட்டியாளர் ஆப்புக்கு டேட்டா தீரும் என்றால், நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? இலவசத்தைத்தான். அதைத் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் டேட்டா வரம்பு சின்னதாக இருக்கும்வரைதான் அந்த இலவசத்துக்கு மவுசு. அப்படியிருக்க, வரம்பைத் தளர்த்த அவர்களுக்கு என்ன அவசரம்? சலுகைக்குப் பதில் கூடுதல் ஜி.பி. கேளுங்கள், அதை எந்த ஆப்பில் செலவழிப்பது என்பது உங்கள் இஷ்டம்.

காட்டுத்தீ நேரத்தில் தீயணைப்புத் துறையின் இணையத்தையே மெதுவாக்கினார்களாமே? (வாசகி, ஃபீனிக்ஸ்)

நடந்தது. 2018 கோடையில் கலிஃபோர்னியாவின் மென்டசீனோ தீயின்போது சான்டா கிளாரா கவுண்டி தீயணைப்பு வண்டியின் இணைப்பை வெரைசன் என்ற மொபைல் நிறுவனம் 200-ல் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கியது. கேட்டதற்கு, மாதம் 37.99 டாலர் பிளானிலிருந்து 99.99 டாலர் பிளானுக்கு மாறச் சொன்னார்கள். பிறகு அது வாடிக்கையாளர் சேவையில் நடந்த தவறு, சமநிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது நிறுவனம். கண்டிப்பாகப் பார்த்தால் அது சரியும்கூட, எந்தத் தளத்தையும் தனியாகக் குறிவைக்கவில்லை, டேட்டா தீர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரேபோலத்தான் மெதுவாக்கினார்கள். ஆனால் 2015 விதிகளில் நியாயமற்ற நடத்தை என்று பொதுவாக முறையிட ஒரு கதவு இருந்தது. தீ எரிந்த நேரத்தில் அது மூடியிருந்தது.

2017-ல் நானும் எஃப்.சி.சி.க்குக் கருத்து எழுதினேன். யாராவது படித்தார்களா? (வாசகர், ராலி)

வந்த கருத்துகள் 2.2 கோடிக்கு மேல். அதில் சுமார் 1.8 கோடி போலி என்று நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் 2021-ல் அறிக்கை கொடுத்தது. பிராட்பேண்ட் நிறுவனங்களின் பணத்தில் நடந்த பிரச்சாரம் 85 லட்சம், சமநிலைக்கு ஆதரவாக ஒரே ஒரு கல்லூரி மாணவர் மென்பொருள் வைத்து அனுப்பியது 77 லட்சம். உங்கள் கடிதம் அந்தக் குவியலுக்குள் எங்கேயோ இருந்திருக்கும்.

இந்தியாவிலும் இப்படி ஆகுமா? (வாசகர், திருநெல்வேலி)

அமெரிக்கத் தீர்ப்பு இங்கே செல்லாது. ஆப்புக்கு ஆப் வேறு வேறு டேட்டா விலை வைக்கக் கூடாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8-ல் விதி போட்டது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் அதில்தான் படுத்தது. தடுப்பதையும் மெதுவாக்குவதையும் தவிர்க்கும் கொள்கையை மத்திய அரசு 2018-ல் ஏற்றது. பெரிய ஆப் நிறுவனங்கள் நெட்வொர்க் செலவில் பங்கு தர வேண்டும் என்று டெலிகாம் கம்பெனிகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அம்மா, அப்பா குயின்ஸில் தனியாக இருக்கிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் இருக்கிறார்கள். இணையத்துக்கு மாதம் 70 டாலர் போகிறது. குறைக்க வழி உண்டா? (வாசகி, நியூயார்க்)

உண்டு. மத்திய அரசு கொடுத்துவந்த 30 டாலர் மானியம் 2024-ல் நின்றுபோனது, ஆனால் உங்கள் மாநிலத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு மாதம் 15 டாலருக்கு 25 மெகாபிட், அல்லது 20 டாலருக்கு 200 மெகாபிட் தர வேண்டும். 2025 ஜனவரி 15 முதல் அமலில் இருக்கிறது. மெடிக்கெய்டே தகுதிக்குப் போதும். இதை எதிர்த்து நிறுவனங்கள் போட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன காரணம் வேடிக்கையானது: பிராட்பேண்ட் தன் அதிகாரத்துக்குள் வராது என்று 2017 டிசம்பரில் எஃப்.சி.சி.யே கை கழுவிவிட்டது, பிறகு மாநிலத்தை எப்படித் தடுக்க முடியும் என்றது. விதிகளை ரத்து செய்யச் சொல்லி நின்றவர்களே இந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

இந்தச் சட்டம் பிடிக்காமல் ஏ.டி.&டி. தன் 5ஜி வீட்டு இணையத்தை நியூயார்க்கில் நிறுத்திவிட்டது. மிகச் சிறிய நிறுவனங்களுக்கு விலக்கும் உண்டு. அதனால் முதலில் இப்போதிருக்கும் நிறுவனத்தையே கூப்பிட்டு, சட்டப்படியான குறைந்த வருமான பிளான் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தெரியாது என்பார்கள், வேறு ஆளிடம் மாற்றச் சொல்லுங்கள். பிளானை மாற்றும்போது பிராட்பேண்ட் லேபிளை அனுப்பச் சொல்லுங்கள். உணவுப் பொட்டலத்தில் இருப்பது மாதிரிக் கறுப்பு வெள்ளைப் பட்டியல், பெரிய நிறுவனங்கள் 2024 ஏப்ரல் முதல் காட்டியாக வேண்டும். அதில் மோடம் வாடகை தனியாக 10, 15 டாலர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நியூயார்க் சட்டத்தின் 15 டாலரில் வாடகையும் வரிகளும் அடக்கம், தனியாகப் போட்டிருந்தால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.