கணினி கேள்வி-பதில்: முகப்பில் நெட், பின்கட்டில் இல்லை

வீட்டில் ஐந்து கணினிகள். ஐந்து இணைப்பு வாங்க வேண்டுமா? – காரைக்குடி வாசகர்

ஒன்று போதும். மிச்சத்தை ரவுட்டர் (இணைப்பைப் பங்கு போடும் பெட்டி) பார்த்துக்கொள்ளும்.

என் கணினியில் 192.168.1.5 என்கிறது. இணையத்தில் பார்த்தால் வேறு எண். யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா? – தேவகோட்டை

இல்லை. முதல் எண் வீட்டுக்குள் மட்டும் செல்லும். பக்கத்து வீட்டிலும் அதே எண் இருக்கலாம். வெளியே தெரிவது மற்றது. ஐ.பி.வி.4 என்ற இணைய முகவரி முறையில் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள், அதனால்தான் இந்தச் சிக்கனம். ரவுட்டர் முகப்பில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை மாதிரி. எந்தக் கணினி, எந்த போர்ட் (கணினிக்குள் வாசல் எண் மாதிரி) என்று பேரேட்டில் குறித்துக்கொண்டு, வெளியே தெரியும் வீட்டு விலாசம் போட்டு வெளியே அனுப்புவார். பதில் வந்தால் குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பார். பேரேட்டில் இல்லாமல் தானாக வருவது வாசலோடு சரி.

இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. இரண்டாம் கட்டில் வைஃபை இல்லை. ஆறு ஆன்டெனா ரவுட்டர் வாங்கலாமா? – கானாடுகாத்தான்

வாங்காதீர்கள். எத்தனை தடவைதான் எழுதுவது! முப்பாட்டன் காலத்துச் செங்கல், சுண்ணாம்புச் சுவர்கள் நாலைந்தைத் தாண்ட வேண்டும். ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும் உங்கள் செல்போன் திரும்பக் கத்த வேண்டாமா? வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் மோசம், 2.4 கொஞ்சம் தேவலை.

கேபிள் இழுங்கள். கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், பெரும்பாலான வளவு வீடுகள் அதற்குள் அடங்கிவிடும். தாழ்வாரத்து ஓரமாகக் கொண்டுபோங்கள். மின்கம்பி போகும் குழாயில் விடாதீர்கள். கதவு நிலையில் துளை போட வரும் ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அந்தக் காலத்துப் பர்மா தேக்கு இனிமேல் கிடைக்காது.

அந்த முனையில் பழைய ரவுட்டரே போதும். ஆனால் அதை ஆக்சஸ் பாயின்ட்டாக (வைஃபை மட்டும் கொடுக்கும் பெட்டியாக) மாற்றுங்கள். மாற்ற வழியில்லாத பெட்டி என்றால் டி.எச்.சி.பி.யை (கணினிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை) அணைத்து, பெட்டிக்கு வேறு முகவரி கொடுத்து, கேபிளை லேன் (வீட்டுக் கணினிகளுக்கான) துளையில் செருகுங்கள். மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இதைத்தான் செய்வதில்லை. எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு பெட்டியும் 'நான்தான் 192.168.1.1' என்று முகவரி வழங்கிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டுக்கு இரண்டு கணக்குப்பிள்ளை! பாதிப் பேருக்கு நெட் இல்லை. முகூர்த்தம் முடியும்வரை நான் அந்தப் பெட்டியோடுதான் இருந்தேன். அப்புறம், பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தது.

நெட் வரவில்லை. என்ன செய்ய? – பள்ளத்தூர்

இவ்வளவுதான் கடிதமா? நான் ஜோசியர் இல்லை. எந்த விளக்கு எரிகிறது என்று எழுதுங்கள். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். (சிக்னல் இல்லை என்னும் விளக்கு) சிவப்பாக இருந்தால் கோளாறு வெளியிலிருந்து வரும் இழையில், நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ஊசியை எடுத்து ரீசெட்டைக் குத்தாதீர்கள், வைத்திருந்த அமைப்பெல்லாம் போய்விடும்.

சிங்கப்பூரிலிருந்து ஊர் வீட்டு கேமராவைப் பார்க்க போர்ட் திறந்து வைத்தேன். வேலை செய்யவில்லை. – ஆத்தங்குடிக்காரர்

ரவுட்டரில் வான் (WAN, வெளிப்பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்கள் நிறுவனமே ஒரு முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. நீங்கள் போர்ட் திறந்து பயனில்லை. நிலையான ஐ.பி. (உங்களுக்கே உரிய, மாறாத வெளி முகவரி) கேளுங்கள், இல்லையேல் கேமராவின் செயலியிலேயே பாருங்கள். சரி, கேமரா பாஸ்வேர்டை மாற்றினீர்களா?