களிமண் கையும் ‘அடுத்து’ பொத்தானும்

கேள்வி: குழந்தைகளுக்குக் களிமண்ணில் உருவம் செய்யக் கற்றுத்தரும் மொபைல் ஆப் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கி வருகிறேன். கொடுத்துப் பார்த்தபோது பாதிக் குழந்தைகள் மூன்றாவது படியிலேயே எழுந்து போய்விட்டார்கள். எதை மாற்றுவது?

பதில்: ஒவ்வொரு படிக்கும் அவர்கள் திரையைத் தொட வேண்டியிருந்ததா? அப்படியென்றால் எனக்குக் காரணம் தெரியும்.

பல வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்துவிட்டு ஆப் வடிவமைப்புக்கு வந்தவள் நான். எங்கள் முதல் ஆப்பை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி யானை செய்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை மண். ‘அடுத்து’ பொத்தானைத் தொட்டாள், நகரவில்லை. சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டாள். எங்கேயோ போய் நின்றது. கடைசியில் குனிந்து மூக்கு நுனியால் தொட்டாள். அது வேலை செய்தது! ஆனால் அதற்குள் மெல்லிசாக உருட்டியிருந்த தும்பிக்கை காய்ந்து, வளைத்ததும் வெடித்துவிட்டது.

விரல் பட்டதும் உண்டாகும் மிகச் சிறிய மின்மாற்றத்தை வைத்துத்தான் திரை தொடுதலை அறிகிறது. ஈரம் படர்ந்தால் அது குழம்பும். விரலில் மண் தடிப்பாகக் காய்ந்திருந்தால் தொட்டதே தெரியாமல் போகலாம்.

அதனால் ஒவ்வொரு படியின் அசைவுப் படமும் தானாகத் திரும்பத் திரும்ப ஓடட்டும். குழந்தை ‘அடுத்து’ என்று சொன்னாலே நகரட்டும். குரல் சரிவராத இடத்தில் திரையின் கீழ்ப்பாதி முழுவதையும் பொத்தானாக்கிவிடுங்கள், முழங்கையாலும் தொடலாம். பொத்தானுக்கு ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் சொல்லும் 48 டிபி (டிபி என்பது திரை அளவின் அலகு, இது சுமார் 9 மி.மீ.) சுத்தமான விரலுக்குச் சரி, மண் கைக்குப் போதாது. அப்புறம், ஆப் திறந்திருக்கும்வரை திரை அணையவே கூடாது. மண்ணைப் பிசைந்து முடித்து நிமிரும்போது போன் பூட்டிக்கொண்டு கடவுச்சொல் கேட்டால் எந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கும்?

கேள்வி: எங்கள் வண்ண ஆப்பில் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சைக்குப் பதில் சாம்பல் வருகிறதே?

பதில்: திரைக் கணக்கில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் அளவைச் சொல்லும் மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நீலம் 0, 0, 255. மஞ்சள் 255, 255, 0. சராசரி எடுத்தால் மூன்றுமே சுமார் 128, அது சாம்பல்தான். சாயத்தில் நடப்பது வேறு. நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்கிறது, மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கிக்கொள்கிறது, மிஞ்சுவது பச்சை. சாயப் பூச்சில் ஒளி எப்படி விழுங்கப்படுகிறது, சிதறுகிறது என்று கணக்கிட குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931-ல் வெளியிட்ட சமன்பாடுகளைக் கொண்டு இதை ஓரளவு திரையிலும் காட்டலாம்.

ஆனாலும் நானாக இருந்தால் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டு, ‘கிண்ணத்தில் கலந்து பார்’ என்று மட்டும் சொல்வேன். மஞ்சளில் ஒரு சொட்டு நீலம் விழுந்ததும் முதலில் ஓரம் மட்டும் பச்சையாகும். குழந்தை தூரிகையை நிறுத்திவிட்டு அதையே பார்க்கும். அந்த நேரத்தில் உங்கள் ஆப் பாராட்டுச் சத்தம்கூடப் போட வேண்டாம்.