60 கிராம் சோதனை: காற்றாடிக்குக் கைவேலை பேரிங்

கியர் இல்லாமல், இறகுகளும் காந்தத் தட்டுகளும் ஒரே அச்சில் சுழன்று மின்சாரம் தரும் சிறு காற்றாடி பற்றி வந்த கேள்விகள் இவை. இந்த முறை எல்லாமே பேரிங் பக்கம்தான்.

கேள்வி: 2.4 மீட்டர் விட்டத்தில் மூன்று இறகுக் காற்றாடி செய்கிறேன், 24 வோல்ட் பேட்டரிக்கு. காந்தத் தட்டுகளோடு சுழலும் எடை 25 கிலோ வரும். தெரிந்த லேத் பட்டறை இருக்கிறது. கடை பேரிங் வேண்டாம், 30 மி.மீ. ஷாஃப்ட்டுக்குக் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ், அதாவது ஷாஃப்ட் உள்ளே உரசிச் சுழலும் குழாய்த்துண்டு, கடைந்து போட்டுவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். எத்தனை வருடம் தாங்கும்?
— வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: தாங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம், நன்றாகவே தாங்கும். வினாடிக்கு 8 மீட்டர் வேகக் காற்றில் உங்கள் காற்றாடி நிமிடத்துக்குச் சுமார் 380 சுற்று ஓடும். அப்போது 30 மி.மீ. ஷாஃப்ட்டின் மேற்பரப்பு வினாடிக்கு 0.6 மீட்டர்தான் உரசுகிறது. எண்ணெய் விட்ட வெண்கலத்துக்கு இது விளையாட்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த புஷ் காற்றாடியைக் கிளம்பவே விடாது.

கணக்கைப் பாருங்கள். இரண்டு புஷ்ஷுக்கும் இடையே 150 மி.மீ., முன் புஷ்ஷிலிருந்து சுழலும் எடையின் மையம் வரை இன்னொரு 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எடை முன்னால் தொங்குவதால் முன் புஷ்ஷில் 50 கிலோ கீழ்நோக்கியும், பின் புஷ்ஷில் 25 கிலோ மேல்நோக்கியும் அழுத்தும். 25 கிலோ பொருளுக்கு உராய்வுச் சுமை 75 கிலோ. நின்றிருக்கும் ஷாஃப்ட்டுக்கும் எண்ணெய்ப் பசையுள்ள கன்மெட்டலுக்கும் இடையே உராய்வு எண் 0.12 என்று தாராளமாகவே எடுத்தாலும், அதை அசைக்க அரை மீட்டர் கையின் நுனியில் 270 கிராம் தொங்கவிட வேண்டும். வேகமாகச் சுற்றுவதற்கென்று செதுக்கிய மூன்று ஒல்லி இறகுகள், நின்ற நிலையில் 3 மீட்டர் காற்றில் தரும் திருப்புவிசை அதே அரை மீட்டரில் ஏறக்குறைய 60 கிராமுக்குச் சமம். திருப்புவிசை காற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே 270 கிராம் கிடைக்க வினாடிக்கு 6.4 மீட்டர், அதாவது மணிக்கு 23 கிலோமீட்டர் காற்று வேண்டும். கிளம்பிவிட்டால் எண்ணெய்ப் படலம் உருவாகி உராய்வு இறங்கிவிடும். ஆனால் காற்று தணிந்து ஒருமுறை நின்றால் மறுபடி 6.4-க்குக் காத்திருக்க வேண்டும். ஆடிக் காற்றில் இது தெரியவே தெரியாது. கார்த்திகையில் பக்கத்துத் தோட்டத்துக் காற்றாடி சுற்ற, உங்களுடையது சிலைபோல நிற்கும்.

‘தண்ணீர் இறைக்கும் பல இறகுக் காற்றாடிகள் வெள்ளை உலோக புஷ்ஷில்தானே ஓடின’ என்று பட்டறைக்காரர் கேட்கலாம். உண்மைதான், அமெரிக்க ஏர்மோட்டார் காற்றாடிகள் அப்படித்தான் ஓடின. ஆனால் அவற்றுக்குத் தகடு தகடாகப் பதினெட்டு இறகு. கிளம்பும் விசை அள்ளிக்கொண்டு வரும், ஓடும் வேகமோ குறைவு. மின்சாரக் காற்றாடி நேர் எதிர்.

இரண்டாவது காரணம் காந்த இடைவெளி. புஷ் அரை மி.மீ. தேய்ந்தால், 150 மி.மீ. இடைவெளியில் அது தரும் சாய்வு, 150 மி.மீ. ஆரத்தில் உள்ள காந்தத் தட்டின் ஓரத்திலும் அரை மி.மீ. ஆட்டமாகத் தெரியும். காந்தத்துக்கும் கம்பிச்சுருள் வட்டுக்கும் நடுவே நீங்கள் விட்டிருப்பதே ஒன்று, ஒன்றரை மி.மீ. இருக்கும்.

ஆகவே முதன்மை அச்சுக்கு டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு உருளைகள் ஓடும் கடை பேரிங்) போடுங்கள். கைவேலைக்கு, அந்த பேரிங்குகள் உட்காரும் ஹப் (சுழலும் குடம்) இருக்கிறது. அடுத்த பதிலில் அதுதான்.

பல இறகுக் காற்றாடிக்கு புஷ் கடைந்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 30 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு நீளம் 40, தளர்வு 0.03 முதல் 0.06 மி.மீ. முன் புஷ்ஷில் சுமை அடிப்பக்கம், எனவே எண்ணெய்த் துளை மேலே. பின் புஷ்ஷில் ஷாஃப்ட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அங்கேயும் மேலே துளை போட்டால் சுமை விழும் இடத்திலேயே போட்டதாகும், எண்ணெய் இறங்காது. பக்கவாட்டில் போடுங்கள். எண்ணெய்க் கோடு புஷ்ஷின் ஓரம் வரை போகக்கூடாது. போனால் எண்ணெய் தங்காமல் வழிந்துவிடும்.

கேள்வி: பழைய கார் ஹப் கிடைக்கவில்லை. லேத்தில் நாமே ஹப் கடைவது எப்படி? சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், தென்காசி

பதில்: இரண்டு பக்கமும் ஒரே அளவு, 30206 என்ற எண்ணுள்ள டேப்பர் ரோலர் பேரிங் வாங்குங்கள்: உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 17.25 மி.மீ. ஒரே அளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று வேறு வேறு அளவு போட்டு நடுவில் படி விட்டால், வேலைத்துண்டைக் கழற்றித் திருப்பிப் பிடிக்க வேண்டும். இரண்டு இருக்கைகளும் ஒரே மையத்தில் வராது. ஒரே அளவென்றால் ஒரே பிடியில் கடைசிவரை நேராகக் கடைந்துவிடலாம். படிக்குப் பதிலாக, இரண்டு பேரிங்கின் கப்புக்கும் (வெளிவளையம்) நடுவே ஒரு இடைக்குழாய் வைத்தால் போதும்.

வெளிவிட்டம் 80, சுவர் 10 மி.மீ. உள்ள சீம்லெஸ் குழாயில் 120 மி.மீ. நீளம் வெட்டுங்கள். இறகும் காந்தத் தட்டும் பிடிக்கும் 12 மி.மீ. தட்டை முதலில் வெல்டிங் செய்து, ஆறவிட்டு, பிறகு கடையுங்கள். கடைந்தபின் வெல்டிங் வைத்தால் துளை முட்டை வடிவமாகிவிடும். வீட்டுக் காற்றாடிகளில் பேரிங் சூடாவதற்கு நாம் அதிகம் காண்கிற காரணம் இதுதான். அதே பிடியில் தட்டின் முகத்தையும் ஒரு கீறல் எடுத்துவிட்டால் காந்தத் தட்டு தள்ளாடாது.

கப் உட்காரும் இடம் 61.96 முதல் 61.99 மி.மீ. ஹப் சுழல்வதால் கப் இறுக்கமாக இருந்தே ஆகவேண்டும். தளர்ந்தால் கப் இருக்கையிலேயே சுற்றி ஹப்பைத் தின்றுவிடும். நடுப்பகுதியை அரை மி.மீ. அகலமாக்குங்கள், அழுத்தி இறக்குவது எளிது. நிலையாக நிற்கும் அச்சு 29.98-29.99, கோன் (ரோலர்கள் உள்ள உள்வளையம்) கையால் தள்ளினால் போகவேண்டும், இல்லாவிட்டால் நட்டு வைத்துச் சரிசெய்ய முடியாது. இரண்டு கோன்களின் குறுகிய பக்கமும் உள்நோக்கி, ஒன்றையொன்று பார்த்தபடி. மாற்றிப் போட்டால் ஹப் ஆட்டத்தைத் தாங்கும் அகலம் குறைந்துபோகும்.

அச்சின் நுனியில் எம்24, 1.5 பிட்ச் மரை போட்டு, நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னுக்குக் குறுக்கே இரண்டு துளை, ஒன்றுக்கொன்று 90 பாகையில். ஆறு வெட்டுள்ள நட்டுக்கு இது பன்னிரண்டு நிலை தரும். ஒரு நிலைக்கு 0.125 மி.மீ. நட்டுக்கும் கோனுக்கும் நடுவே நாக்கு வைத்த வாஷர் கட்டாயம். அது இல்லாவிட்டால் கோன் தவழும்போது நட்டையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கும். ஹப்பைச் சுற்றிக்கொண்டே, லேசாகப் பிடிக்கும்வரை நட்டை இறுக்குங்கள். பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கி, அடுத்த துளைக்குப் பின்னோக்கித் திருப்பிப் பின் போடுங்கள். தட்டின் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் மிகமிகச் சன்னமான ஓர் அசைவு தெரியலாம். ‘டக்’ என்று கேட்கக்கூடாது.

கிரீஸ் விஷயத்தில்தான் எல்லோரும் கருணை காட்டிக் கெடுக்கிறார்கள். லித்தியம் கிரீஸை ரோலர்களுக்குள் உள்ளங்கையால் அழுத்தி நிரப்புங்கள். ஹப்பின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். சீல் வாங்கும்போதும் கவனம். வண்டிக்கான ரப்பர் சீலின் உதட்டில் ஒரு ஸ்பிரிங் வளையம் இருக்கும். பேரிங்கைவிட அதிகம் பிடித்து நிறுத்துவது அந்தச் சீல்தான். ஸ்பிரிங்கை எடுத்துவிடலாம், அல்லது கிரீஸில் ஊறிய ஃபெல்ட் வளையம் போடலாம்.

இனி சோதனை. காந்தத் தட்டும் இறகுகளும் பூட்டி, எந்த நிலையில் விட்டாலும் நிற்கும்படி சமன் செய்த பிறகு, கம்பிச்சுருள் முனைகள் எதிலும் சேராமல் பிரிந்திருக்கட்டும். காற்றில்லாத கொட்டகையில் ஓர் இறகைக் கிடைமட்டமாக நிறுத்தி, அச்சிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் நூலில் 60 கிராம் தொங்கவிடுங்கள். இறகு இறங்கினால் வேலை சுத்தம். 3 மீட்டர் காற்றில் கிளம்பும். 60-க்கு நின்று 110 கிராமுக்கு இறங்கினால் 4 மீட்டருக்குக் காத்திருக்கும், அதையும் ஏற்றுக்கொள்ளலாம். 200 கேட்டால் கழற்றுங்கள். சீல், கிரீஸ், நட்டு என்ற வரிசையில் பாருங்கள்.

கேள்வி: கம்பத்தின் உச்சியில் காற்றுத் திசைக்குத் திரும்ப ஒரு பால் பேரிங் வைத்தேன். உப்புக் காற்றில் ஒரே வருடத்தில் துருப்பிடித்துவிட்டது. துரு வரும்முன்பும் தலை நிலையில்லாமல் அலைந்துகொண்டே இருந்தது. என்ன செய்யலாம்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: அங்கே பால் பேரிங்கே வேண்டாம். கைவேலை பேரிங் கடைச் சரக்கைத் தோற்கடிக்கும் இடம் இதுதான். திசை திரும்பும் அச்சில் கொஞ்சம் உராய்வு இருப்பது நல்லது. வேகமாகச் சுற்றும் இறகுகள் பம்பரம் மாதிரி. தலையைச் சட்டென்று திருப்பினால் இறகின் அடிப்பகுதி முன்னும் பின்னும் வளைபடும். திரும்பும் வேகம் இரட்டித்தால் அந்த வளைவும் இரட்டிக்கும்.

குழாய்க்குள் குழாய் போதும். கம்பத்து உச்சியில் 40 மி.மீ. ஜி.ஐ. பைப் (வெளிவிட்டம் சுமார் 48.3), அதன்மேல் தொப்பிபோல இறங்கும் 50 மி.மீ. நடுத்தரப் பைப் (உள்விட்டம் சுமார் 53), நீளம் 30 செ.மீ.க்குக் குறையாமல். வெளிப்பைப்பின் உள்ளே நெடுக ஒரு வெல்டிங் தழும்பு ஓடும். அரத்தால் அதை ராவாமல் செருகினால் தலை ஒரு திசையில் சிக்கி நிற்கும். இடைவெளி பக்கத்துக்கு 2.4 மி.மீ. வருவதால் மேலும் கீழும் ஒவ்வொரு நைலான் வளையம் கடைந்து வையுங்கள். நைலான் ஈரத்தில் உப்பும், உள்விட்டத்தில் 0.6 மி.மீ. தளர்வு விடுங்கள். வெளிப்பைப்பின் தலையில் ஒயர் இறங்க 25 மி.மீ. துளையிட்ட தட்டை வெல்டிங் செய்து, அதற்கும் உள்பைப்பின் விளிம்புக்கும் நடுவே பித்தளை வாஷர். முழு எடையும் அதன்மேல்தான். கடலோரத்துக்குக் கால்சியம் கிரீஸ் நல்லது, தண்ணீரில் கரையாது. அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும், உள்ளே போன நீர் வெளியே வரவேண்டும். வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அந்தப் புகை காய்ச்சல் வரவழைக்கும்.

கேள்வி: 200 லிட்டர் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து நிமிர்ந்த காற்றாடி செய்கிறோம். மரத்தில் பேரிங் செய்ய முடியுமா? விளக்கெண்ணெய் விடலாமா?
— வாசகர், மன்னார்

பதில்: முடியும். மெதுவாகச் சுற்றி, கிளம்பும்போது நல்ல விசை தரும் காற்றாடி அது. மேல்பேரிங்குக்கு மரம், கீழ்பேரிங்குக்கு ஒரே ஒரு எஃகுக் குண்டு.

மேலே பாலை அல்லது முதிரைக் கட்டை, நன்றாகக் காய்ந்தது. தமிழ்நாட்டில் செய்பவர்கள் வண்டிச் சக்கரக் குடத்துக்கு எடுக்கும் கருவேலத்தை எடுக்கலாம். துளையை மரத்தின் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே போடுங்கள். காற்று அதிகம் தள்ளும் பக்கத்தில் நாரின் வெட்டுமுகம் ஷாஃப்ட்டைச் சந்திக்க வேண்டும், அதுதான் மெல்லத் தேயும். கட்டையை எண்ணெயில் மூழ்கடித்து 110 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருந்தால் ஈரம் குமிழியாக வெளியேறும். குமிழி நின்றதும் அடுப்பை அணைத்து, கட்டையை எண்ணெயிலேயே ஆறவிடுங்கள். ஆறும்போதுதான் மரம் எண்ணெயை உள்ளே இழுக்கும். சூட்டோடு வெளியே எடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண். இறுதித் துளையை அதன்பிறகு, ஷாஃப்ட்டைவிட அரை மி.மீ. பெரிதாகக் கடையுங்கள்.

விளக்கெண்ணெய் வழுக்கலில் குறை சொல்ல முடியாதது. வண்டி மைக்கே அது உதவியதுதான். ஆனால் வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் பிசினாக இறுகும். மாதம் ஒருமுறை துடைத்துப் புதிதாக விடுபவர்களுக்குச் சரி. மற்றவர்கள் கனமான கியர் ஆயில் எடுக்கலாம்.

கீழே ஷாஃப்ட் நுனியில் ஒரு கூம்புக் குழி, அதற்கு நேராகக் கெட்டி எஃகு போல்ட்டின் தலையில் இன்னொரு குழி, நடுவே 20 மி.மீ. குண்டு, கிரீஸ் நிரம்பிய கிண்ணத்துக்குள். எடை முழுவதும் மையத்துக்கு அருகிலேயே உரசுவதால் பிடிப்பு சொற்பம். போல்ட்டைத் திருகினால் உயரமும் சரிசெய்யலாம். பக்கவாட்டு விசைக்கு அதற்குச் சற்று மேலே இன்னொரு மரக்கட்டை தேவை. குண்டு மட்டும் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளாது.

கேள்வி: பழைய பேட்டரி ஈயத்தை உருக்கி வார்த்து பேரிங் செய்யலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். பேட்டரித் தகட்டில் ஈயத்தோடு அமிலமும் ஈய ஆக்சைடும் இருக்கும்; அந்தப் புகையும் தூசியும் வீட்டுக் குழந்தைகளுக்கு விஷம். வார்க்கும் அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தால் உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். வார்த்தாலும் அது பெரும்பாலும் ஈயம்தான். பேரிங் உலோகத்தின் கடினத்தன்மை வராது.

கேள்வி: காற்றில்லாத நான்கு மாதம் காற்றாடியை நிறுத்தி வைத்தோம். மறுபடி ஓட விட்டால் பேரிங்கில் ‘கரகர’ சத்தம். கிரீஸ் இருக்கிறது, துருவும் இல்லை.
— வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: கம்பிச்சுருளின் ஒயர் முனைகளைச் சேர்த்தால் பிரேக் போட்டதுபோலக் காற்றாடி நிற்கும்; அப்படித்தான் நிறுத்தியிருப்பீர்கள். கம்பம் அதிரும்போது, சுற்றாத ரோலர்கள் ஒரே இடத்தில் சன்னமாக உரசி, கிரீஸை விலக்கி, கப்பில் கோடு கோடாகப் பள்ளம் போட்டுவிடும். கப்பைக் கழற்றி விளக்கொளியில் பாருங்கள். ரோலர் இடைவெளிக்குச் சமமான இடைவெளியில் தழும்புகள் இருந்தால் இதுதான். பேரிங்கை மாற்ற வேண்டியதுதான், வேறு வழியில்லை. அடுத்த முறை மென்காற்று நாளில் சும்மா சுற்ற விடுங்கள். அல்லது வாரம் ஒருமுறை முனைகளைப் பிரித்துச் சில சுற்று போகவிட்டு, வேறு நிலையில் நிறுத்துங்கள்.

தழும்புக்குப் பதில் அம்மை வடுபோலச் சிறு புள்ளிகள் தெரிந்தால் காரணம் வேறு. பேரிங் பூட்டியிருக்கும்போது யாரோ காற்றாடியில் வெல்டிங் வைத்திருக்கிறார்கள், எர்த் கவ்வியை ஹப்பின் மறுபக்கத்தில் மாட்டி. மின்சாரம் ரோலர் வழியாகப் போயிருக்கிறது. வெல்டிங் வைக்கும் துண்டிலேயே கவ்வியை மாட்டச் சொல்லுங்கள்.