ஆஷா அக்கா வரும் நாளில் கூலியை விட வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். மகனுக்குப் பதினான்கு மாதம். பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று சொல்லித்தர ஆஷா அக்கா (அரசின் கிராம சுகாதாரப் பணியாளர்) வீட்டுக்கு வரும்போது நான் பழம் பறிக்கப் போயிருப்பேன். "அம்மா இருந்தால் நல்லது" என்கிறார். ஒரு நாள் கூலியை விடும் அளவுக்கு இதில் பலன் உண்டா? மாமியாரோ, "நான் வளர்க்காத பிள்ளையா?" என்கிறார்.

பதில்: கூலியை விட வேண்டாம். ஆனால் அன்றைக்கு உங்கள் மாமியார் சமையல் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, கட்டாயம் கூட உட்கார வேண்டும். வருகிறவர் சிறிது நேரத்தில் போய்விடுவார். பகல் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர் அவரிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டார் என்பதில்தான் பலன் இருக்கிறது.

இதற்கு வலுவான ஆதாரம் ஜமைக்காவில் கிடைத்தது. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை வைத்து 1986-87இல் ஓர் ஆய்வு தொடங்கியது. சில குடும்பங்களுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்றார். தாய்மாருக்கு விளையாடவும் பேசவும் காட்டிக்கொடுத்தார். வீட்டுப் பொருட்களில் செய்த பொம்மைகளையே கொண்டுபோனார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து 22 வயதில், அப்படி விளையாட்டுப் பயிற்சி பெறாதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் பெற்ற குழந்தைகளிடம் இவ்வளவு நீடித்த பலன் தெரியவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. இங்கிலாந்தில் இளம் தாய்மாரை வீடு தேடிச் சென்ற செவிலியர் திட்டத்தை 2016இல் வெளியான ஆய்வு சோதித்தது; எதிர்பார்த்த முக்கியப் பலன்கள் கிடைக்கவில்லை. ஜமைக்காவிலேயே 1989இல் வெளியான இன்னோர் ஆய்வில், மாதம் ஒரு முறை வந்ததால் பலனே இல்லை. வாரம் ஒரு முறை வந்ததால்தான் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது.

நம் நாட்டில் குழந்தைகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் அரசுத் திட்டத்தில் ஆஷா பணியாளர் 3, 6, 9, 12, 15 ஆகிய மாதங்களில் வருகிறார். அதாவது உங்கள் மகனுக்கு அடுத்த மாதம் கடைசி முறை. இந்த இடைவெளி மிக அதிகம் என்பதே என் கருத்து. இதை அரசு கவனிக்க வேண்டும். அதுவரை, நடுவில் இருக்கும் நாட்களை நீங்கள்தான் நிரப்பியாக வேண்டும்.

ஆஷா அக்கா அடுத்த முறை வரும்போது, "சொல்லாதீர்கள், பிள்ளையோடு செய்து காட்டுங்கள்" என்று மாமியாரைக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு மாமியார் அவர் கண்முன்னே ஒரு முறை செய்து பார்க்கட்டும். மாமியாருடைய அனுபவம் இதற்குத் தடையில்லை. அவர் பாடும் தாலாட்டு, கோழியையும் மிளகுக் கொடியையும் காட்டிப் பெயர் சொல்வது, பிள்ளை மழலையில் ஏதோ சொன்னதும் பதில் பேசுவது, எல்லாமே அந்தப் பயிற்சியில் இருப்பவைதான். நீங்கள் மாலையில் வந்து குளிப்பாட்டும்போது அதையே தொடருங்கள். கிண்ணமும் மூடியும், துணிப் பொம்மையும் போதும். காப்பிக்கொட்டை, மிளகு, புளியங்கொட்டை மட்டும் கைக்கு எட்டக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

எஸ்டேட் லைனில் இதே வயதுப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. ஒடிசா கிராமங்களில் வாரந்தோறும் தாய்மாரைக் கூட்டமாக உட்காரவைத்துக் காட்டியபோதும், வீடுவீடாகச் சென்றதற்கு ஏறத்தாழ இணையான பலன் கிடைத்தது, செலவும் குறைவு. விடுமுறை நாளில் நாலைந்து பேர் கூடுவதாக அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லிப் பாருங்கள். வீடு தேடி அலைவதைவிட அவருக்கும் அது எளிது.

ஒன்றை மட்டும் விளையாட்டால் சரிசெய்யக் காத்திருக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாமல் இருந்தாலோ, பதினெட்டு மாதமாகியும் நடக்காவிட்டாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, சேலம் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குச் சீட்டு எழுதி வாங்குங்கள். அந்த நாளின் கூலியைத் தயங்காமல் விடலாம்.