எக்ஸிட் பக்கத்து சீட் அம்மாவுக்கு வேண்டாம்

கேள்வி: அடுத்த மாதம் 70 வயது அம்மாவைச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கூட்டிப் போகிறேன். அவருக்கு மூட்டுவலி. கால் நீட்டி உட்கார எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையில் சீட் போடலாமா? அவசரமாக இறங்க நேர்ந்தால் பையை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். பாஸ்போர்ட், மருந்தெல்லாம் அதில்தானே இருக்கும்?

பதில்: சீட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம். போட்டாலும், ஏறியதும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அந்த வரிசையில் உட்காருபவர்தான் கதவைத் திறக்க வேண்டியவர். ஏர்பஸ் ஏ320 வகையில் இறக்கைக்கு மேலே உள்ள கதவு தனியாகக் கழன்று கைக்கு வரும். ஏறத்தாழ 15 கிலோ. அதைத் தூக்கி வெளியே போட வேண்டும். அம்மாவுக்கு நடைவழி ஓர சீட் போடுங்கள், அவ்வப்போது எழுந்து நிற்கலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது, ஏனென்றால் நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

44 இருக்கைக்கு மேல் உள்ள விமானம் என்றால், பாதிக் கதவுகள் மட்டும் திறந்திருக்க, இருட்டில், 90 நொடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று அதைத் தயாரித்த நிறுவனம் காட்ட வேண்டும். 2006இல் ஏ380 விமானத்தின் சோதனையில் 16 கதவுகளில் எட்டு வழியாக 873 பேர் 78 நொடியில் இறங்கினார்கள். சோதனைக்கு வருபவர்கள் பெட்டி இறக்க நிற்பதில்லை. நிஜத்தில் நிற்கிறார்கள். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து 300 பேருடன் போன விமானம் துபாய் ஓடுபாதையில் விழுந்து எரிந்தது. உள்ளே புகை சூழ்ந்திருக்க, பயணிகள் மேலிருந்து பை எடுப்பதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். 300 பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் எரிபொருள் டேங்க் வெடித்ததில் ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார்.

இன்னொன்றையும் பாருங்கள். 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. எரியும் ஏ350இல் 379 பேர். எட்டுக் கதவுகளில் மூன்றுதான் பயன்பட்டன; ஒலிபெருக்கி வேலை செய்யாததால் பணியாளர்கள் மெகாஃபோனில் கத்தினார்கள். கடைசி ஆளாகக் கேப்டன் இறங்கியபோது, தரையிறங்கி 18 நிமிடம் ஆகியிருந்தது. ஆனாலும் அத்தனை பேரும் பிழைத்தார்கள். பெரும்பாலானோர் வெறுங்கையோடு இறங்கியது அதற்குப் பெரிய காரணம் என்றே நான் நம்புகிறேன். ஒருவர் பையை இழுக்க நின்றால் பின்னால் வரிசையே நிற்கும். கதவிலிருந்து தரைக்கு இறங்கக் காற்றடைத்து விரியும் சறுக்கைப் பெட்டியின் முனை கிழித்தால் அந்தக் கதவே போச்சு.

சரி, பாஸ்போர்ட்? உடம்போடு இருக்கட்டும். ஒரு சின்ன இடுப்புப் பையில் பாஸ்போர்ட், போன், இரண்டு நாள் மாத்திரை. அம்மாவுக்குச் சுருக்குப்பை போதும், இடுப்பில் செருகிக்கொள்வார். நைலான் புடவை வேண்டாம், தீயில் உருகி ஒட்டும், பருத்தி நல்லது. கிளம்பும்போதும் இறங்கும்போதும் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

உட்கார்ந்ததும் முன்னாலும் பின்னாலும் கதவு எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, சீட்டைத் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். 1985இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் விமானம் தீப்பிடித்து 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். அன்று இறக்கைக் கதவருகே இருந்தவர் திறக்கும் பிடி என்று நினைத்து இழுத்தது கை வைக்கும் கட்டையை. முன் சீட்டுப் பையில் உள்ள அட்டையை ஒருமுறை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஏறும்போதே பணியாளரிடம் அம்மாவின் மூட்டுவலியைச் சொல்லிவிடுங்கள், அவருக்குத் தனியாக விளக்குவார்கள். சறுக்கில் கைகளை மார்பில் மடக்கிக் குதிக்க வேண்டும். குதிக்க முடியாதவர் விளிம்பில் உட்கார்ந்து சறுக்கலாம். கீழே வந்ததும் நிற்காமல் தள்ளிப் போங்கள், பின்னாலேயே அடுத்தவர் வருவார். அப்புறம், பெட்டி மேலேயே கிடக்கட்டும் என்பதை முந்தின நாள் வீட்டிலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். விமானத்தில் அதைப் பேச நேரம் இருக்காது.